க்ரானிக்கிள்: இரண்டேகால் நிமிடத்தில் ஒரு பாட்டு

க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு கலைந்தது 1972 அக்டோபரில். நான்கு ஆண்டு கழித்து, 1976இல், அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான ஃபேன்டசி கையிலிருந்த சிங்கிள்களை (பக்கத்துக்கு ஒரு பாட்டாக வந்த சின்னத் தட்டுகளை) எல்லாம் ஏறக்குறைய வெளிவந்த வரிசையிலேயே அடுக்கி, இருபது பாட்டுகளை இரட்டை எல்பியாக்கி விற்றது. அதுதான் ‘க்ரானிக்கிள்’. குழுவில் யாரையும் உட்காரவைத்து யோசித்துத் தேர்ந்தெடுத்த மாதிரி இல்லை. சரக்கு இருந்தது, கட்டி அனுப்பிவிட்டார்கள். அப்படிப்பட்ட தொகுப்பு அமெரிக்காவில் ஒரு கோடிப் பிரதிகளுக்கான வைரச் சான்றிதழ் வாங்கி, இசை இதழான பில்போர்டின் 200 ஆல்பங்கள் பட்டியலில் 500 வாரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. கேட்டு ரசிக்க மட்டும் வாங்குபவர்களுக்கு இதற்கு மேல் சிபாரிசு தேவைப்படாது. இங்கே பார்க்கப்போவது இன்னொரு பயன்: பாட்டு எழுதுகிறவர்களுக்கும் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கும் இந்தத் தொகுப்பு எவ்வளவு தூரம் உதவும், எங்கே கைவிடும்.

முதலில் கணக்கு. இருபதில் மூன்று பாட்டுகள் பிறருடையவை: ‘சூஸி க்யூ’, ‘ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ’, ‘ஐ ஹர்ட் இட் த்ரூ தி க்ரேப்வைன்’. மிச்சம் பதினேழும் குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜான் ஃபோகர்ட்டி எழுதியவை. அந்தப் பதினேழில் பதினைந்து, 1969 ஜனவரியில் வந்த ‘ப்ரவுட் மேரி’க்கும் 1971 ஜனவரியில் வந்த ‘ஹேவ் யூ எவர் சீன் தி ரெயின்’, ‘ஹே டுநைட்’ ஜோடிக்கும் இடைப்பட்ட இரண்டே ஆண்டுகளில் வெளியானவை. 1969இல் மட்டும் மூன்று ஆல்பம். இந்த வேகத்தில் ஓடுகிறவனுக்குப் பாட்டை இழைத்து இழைத்து அலங்கரிக்க நேரம் கிடையாது. ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் துணுக்கு), ஒரு தலைப்பு, மூன்று சரணம், முடிந்தது. அந்தச் சிக்கனம் எப்படி வேலை செய்கிறது என்பதை வரிசையாகக் கேட்டால் பிடிபடும். அதனால் இந்தத் தட்டை ஷஃபிளில் போடுவது பாதிக் காசை வீணாக்குவது.

‘பேட் மூன் ரைஸிங்’கிலிருந்து தொடங்கலாம். மொத்தம் சுமார் இரண்டு நிமிடம் இருபது விநாடி. மூன்று கார்ட் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு): டி, ஏ, ஜி. சரணம் டி–ஏ–ஜி–டி என்று ஒரே சுற்று; பல்லவி ஜியில் தொடங்கி டிக்கு வந்து, கடைசியில் ஏ–ஜி–டி என்று இறங்கும். பல்லவி தொடங்குவதைக் காதுக்குச் சொல்ல ஃபோகர்ட்டி புதிய கார்ட் எதையும் கொண்டுவரவில்லை. சரணம் டியில் தொடங்குகிறது, பல்லவி ஜியில் தொடங்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நடுவே ஒரு சிறிய கிட்டார் சோலோ, பிறகு மூன்றாவது சரணம், பல்லவி இரண்டு முறை. இடைச்சரணமாக இன்னொரு மெட்டு கிடையாது. சொல்லும் விஷயமோ வெள்ளம், சூறாவளி, உலகம் அழியப்போகிறது என்பது. மெட்டு மேஜரில் (காதுக்கு உற்சாகமாகப் படும் ஸ்வர அமைப்பில்), கிட்டத்தட்ட குதித்து ஓடுகிற நடையில் போகிறது. வரிகளின் பயங்கரத்தை மெட்டு ஒரு இடத்தில்கூட ஆமோதிப்பதில்லை. இதே வரிகளைச் சோகமாகப் படும் மைனரில் போட்டிருந்தால் பாட்டு இரண்டாம் சரணத்துக்குள் பயமுறுத்தி அலுக்கவைத்திருக்கும்.

இதை வாசிக்கக் கற்பவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் சுருதி. பதிவில் கேட்பது டி மேஜர். ஆனால் ஃபோகர்ட்டி கிட்டாரை ஒரு முழு ஸ்வரம் இறக்கி, இ மேஜர் விரல்களில் வாசிக்கிறார். சாதாரண ட்யூனிங்கில் ஓப்பன் டி கார்ட் (சில கம்பிகளை அழுத்தாமல் விடும் பிடி) பிடித்து வாசித்தால் ஸ்வரம் சரியாக இருக்கும், கனம் இருக்காது. காரணம் எளிது: ஓப்பன் இ கார்டில் ஆறு கம்பியும் ஒலிக்கும், அடிக்கம்பியே ஆதாரசுருதி. ஓப்பன் டியில் கீழ் இரண்டு கம்பியைத் தவிர்க்க வேண்டும். பதிவின் ஒலி வேண்டுமென்றால் தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை டி, ஜி, சி, எஃப், ஏ, டி என்று இறக்கிவிட்டு இ, பி, ஏ விரல்களில் வாசிக்க வேண்டும். இறக்கியதும் கம்பிகள் தொய்ந்து ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் உலோகப் பட்டையில்) உரசும், சற்று அழுத்திப் பிடித்தால் சுருதி ஏறும். 9 அளவுக் கம்பியில் (மிக மெல்லிய கம்பி 0.009 அங்குலம்) இது தாங்காது. 11 போட்டால் இழுவிசை ஓரளவு பழைய நிலைக்கு வந்துவிடும். இறக்கிய உடனே வாசிக்கத் தொடங்காமல் கம்பிகளைக் கையால் லேசாக இழுத்துவிட்டு மறுபடி சுருதி பார்ப்பது நல்லது. இல்லையென்றால் பல்லவி வருவதற்குள் விலகிவிடும்.

‘ப்ரவுட் மேரி’யைப் பற்றி நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கெடுக்காத இசைக்குழுவே இல்லை. முகப்பு: சி–ஏ, சி–ஏ, சி–ஏ–ஜி–எஃப், பிறகு டி. பாட்டின் சுருதி டி மேஜர். முகப்பில் வரும் சியும் எஃப்பும் அந்த சுருதிக்கு வெளியே இருந்து வருபவை. வீட்டுக்குள் வருமுன் பக்கத்துத் தெருவைச் சுற்றிவிட்டு வருகிற மாதிரி. பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபொனித் தொடக்கம்தான் மனதில் இருந்தது என்று ஃபோகர்ட்டி பின்னாளில் சொல்லியிருக்கிறார்; கேட்டால் அந்தத் தட்டித் தட்டி இறங்கும் வடிவம் தெரியும். இவ்வளவு ஆர்ப்பாட்டமான முகப்புக்குப் பிறகு சரணம் முழுக்க டியிலேயே நிற்கிறது. ஒரு கார்ட் மாற்றம்கூட இல்லை. சக்கரம் சுழல்கிற வரிகளில்தான் ஏ, அடுத்து பி மைனர். பல்லவியில் மறுபடி டி. அசைவில்லாத ஆற்றில் படகு போகிற உணர்வு அந்த நகராத டியிலிருந்து வருகிறது. பலர் சரணத்தில் ‘போர்’ அடிக்கிறதே என்று நடுவே ஜியைச் செருகுகிறார்கள். செருகினால் பி மைனர் வரும்போது அதற்குரிய எடை போய்விடும்.

இன்னொரு தவறு வேகம். ஐக் – டினா டர்னர் ஜோடி 1971இல் வெளியிட்ட வடிவம் மெதுவாகத் தொடங்கிப் பாய்ச்சலில் முடியும்; அது வேறு வித்தை, அதற்கென்று தனிக் குழு, தனித் தெம்பு. க்ரீடன்ஸின் நடை நிமிடத்துக்குச் சுமார் 120 தட்டு, தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீர். ட்ரம்ஸில் டக் க்ளிஃபர்டும் பேஸில் ஸ்டூ குக்கும் எங்கேயும் முந்துவதில்லை. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் வைத்துப் பழகியவர்கள்கூட முகப்பு முடிந்து டிக்கு வந்ததும் ஓடத் தொடங்குவார்கள், ஏனென்றால் கைக்கு அங்கே வேலை குறைகிறது. சும்மா இருக்கும் கை வேகம் பிடிக்கும். அந்த இடத்தில் உள்ளங்கை ஓரத்தைக் கம்பி மேல் லேசாக வைத்து, வாயைக் கட்டிவைத்த மாதிரி அடிப்பதுதான் வழி.

பாட்டு பிறந்த விதமும் கவனிக்கத்தக்கது. ஃபோகர்ட்டி தலைப்புகளை மட்டும் எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். ‘ப்ரவுட் மேரி’ அதில் எழுதப்பட்ட முதல் தலைப்பு. துணி வெளுக்கும் பெண்ணொருத்தியைப் பற்றிய பாட்டு என்றுதான் முதலில் யோசனை, பிறகுதான் அது படகின் பெயரானது. 1968இல் ராணுவ ரிசர்விலிருந்து விடுவிப்புக் கடிதம் கையில் கிடைத்த மகிழ்ச்சியில் மெட்டு வந்தது. தலைப்பை முதலில் பிடித்து, அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று பிறகு தேடுவது இவருடைய தொழில்முறை. தொகுப்பின் தலைப்புகளை மட்டும் வரிசையாக வாசித்தாலே தெரியும்: ஆறு, வளைவு, காடு, மழை, வெளிச்சம், தெருமுனை. எல்லாம் கையால் சுட்டிக்காட்டக்கூடிய பொருள்கள். காதல் பாட்டு மருந்துக்குத்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சதுப்பு நிலமும் நீராவிப் படகுமாகப் பாடும் இந்த நால்வரும் வளர்ந்தது கலிபோர்னியாவின் எல் செரிட்டோவில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையில். ‘க்ரீன் ரிவர்’ என்ற ஆறு, வின்டர்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓடும் பியூட்டா க்ரீக். குழந்தைப் பருவத்தில் குடும்பம் விடுமுறைக்குப் போன இடம். பெயர் மட்டும் ஒரு சோடா சிரப் புட்டியின் லேபிளிலிருந்து. ‘லோடை’ என்ற ஊருக்கு அதற்கு முன் போனதே இல்லை, பெயரின் ஓசை பிடித்தது, அவ்வளவுதான். பொய் என்று யாரும் வழக்குப் போடவில்லை.

‘லோடை’ தொகுப்பின் மிகச் சிறந்த எழுத்து என்பது எங்கள் தரப்பு. ‘பேட் மூன் ரைஸிங்’ தட்டின் பின்பக்கத்தில் போட்டு ஒதுக்கிய பாட்டு. பெரிய ஆளாகப் போகிறேன் என்று கிளம்பிய பாடகன் சின்ன ஊர் மதுக்கடையில் மாட்டிக்கொள்கிறான். தனிப் பல்லவி கிடையாது. ஒவ்வொரு சரணமும் சுற்றிச் சுற்றி மாட்டிக்கொண்டேன் என்ற ஒரே வரியில் வந்து முட்டி நிற்கிறது. ஊரைவிட்டுப் போக முடியாதவனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. கடைசிச் சரணத்தில் சுருதி பி ஃப்ளாட்டிலிருந்து சிக்கு ஒரு முழு ஸ்வரம் ஏறுகிறது. பொதுவாகப் பாப் பாட்டுகளில் சுருதி ஏற்றுவது வெற்றிக்கொடி நாட்ட. இங்கே சுருதி ஏறுகிறது, ஆள் அதே இடத்தில் இருக்கிறான். வாசிப்பவர்களுக்கு: முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்தும் கவ்வி) வைத்து ஏ விரல்களில் தொடங்கினால் பி ஃப்ளாட் கிடைக்கும், ஏறும்போது பி விரல்களுக்குப் போக வேண்டியிருக்கும், அதற்கு பாரே கார்ட் (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் பிடி) பழகியிருக்க வேண்டும். பழகாதவர்கள் ஜியில் தொடங்கி ஏவுக்கு ஏறலாம், குரலுக்கும் எளிது.

‘டவுன் ஆன் தி கார்னர்’, ‘ஃபார்ச்சுனேட் சன்’ இரண்டும் ஒரே சிங்கிளின் இரு பக்கங்கள், 1969 அக்டோபர். ஒன்று தெருமுனையில் சலவைப் பலகையும் கஸூ என்ற சிறு ஊதலும் வைத்து வாசிக்கும் பையன்கள்; மற்றது பணக்கார வீட்டுப் பிள்ளைகள் போருக்குப் போகாமல் தப்பிப்பதைப் பார்த்துக் கொதிப்பது. ‘ஃபார்ச்சுனேட் சன்’னின் கார்ட்கள் சரணத்தில் ஜி–எஃப்–சி–ஜி, பல்லவியில் ஜி–டி–சி–ஜி. டி வரும்வரை பாட்டில் முறையான தீர்மானமே இல்லை. எஃப் பாட்டைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. பல்லவியில் டி வந்ததும் கை ஓங்கின மாதிரி ஆகிறது. பல்லவியில் ஒவ்வொரு முறையும் மாறுவது ஒரே ஒரு சொல்: செனட்டர் மகன், கோடீஸ்வரன் மகன், ராணுவத்தான் மகன். நான் அவன் இல்லை. குற்றப்பத்திரிகையில் பெயர் சேர்ப்பது போல அடுக்கு கூடுகிறது. இந்தப் பாட்டை இருபது நிமிடத்தில் எழுதினேன் என்கிறார் ஃபோகர்ட்டி. நம்பலாம், ஏனென்றால் ஒரு அடுக்கு பிடிபட்டால் மீதி தானாக நிரம்பும்.

‘டவுன் ஆன் தி கார்ன’ரில் சி, எஃப், ஜி தவிர வேறொன்றும் இல்லை. எளிது என்று நினைத்து நேராக அடித்தால் நாலு பேர் கூடிப் பாடும் முகாம் பாட்டாகிவிடும். அந்த ரிஃப்பைக் கிட்டாரும் பேஸும் சேர்ந்து வாசிக்கின்றன, தட்டுக்குச் சற்று முந்தியும் பிந்தியும் விழுகிற சிங்கோப்பேஷன் அதில்தான் இருக்கிறது. தனி கிட்டாரில் வாசிப்பவர்கள் ஸ்ட்ரம்மிங்கை (எல்லாக் கம்பியையும் சேர்த்துத் தடவி வாசிப்பதை) மறந்துவிட்டு முதலில் அந்த ரிஃப்பை மட்டும், காலால் தாளம் தட்டிக்கொண்டே, நிறுத்தாமல் பத்து நிமிடம் வாசித்துப் பார்க்க வேண்டும். கால் ரிஃப்பைப் பின்தொடர ஆரம்பித்தால் இன்னும் வரவில்லை என்று பொருள்.

மழைப் பாட்டு இரண்டு. இரண்டிலும் மழை மழையல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். எழுத்தில் அவை எப்படி வேறுபடுகின்றன என்பதுதான் பார்க்க வேண்டியது. ‘ஹூ’ல் ஸ்டாப் தி ரெயின்’ ஜியில் போகிறது. கேள்வி கேட்கும் வரியில் சி, டி என்று ஏறி, எல்லோரும் ஜியை எதிர்பார்க்கும்போது இ மைனரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புகிறது. பதில் வராத கேள்விக்கு அந்த இ மைனர் போதும். மூன்றாவது சரணத்தில் வரும் கூட்டமும் குளிரும் 1969 ஆகஸ்ட் வுட்ஸ்டாக் இசைவிழாவின் மழை. ‘ஹேவ் யூ எவர் சீன் தி ரெயின்’ சி மேஜரில், வெயிலடிக்கும்போது பெய்யும் மழையைப் பற்றியது. புகழின் உச்சியில் குழு உடைந்துகொண்டிருந்ததைத்தான் சொன்னேன் என்று எழுதியவரே விளக்கியிருக்கிறார். அண்ணன் டாம் ஃபோகர்ட்டி 1971 தொடக்கத்தில் விலகினார். இந்தப் பாட்டில் பல்லவி எஃப்–ஜி–சி–ஏ மைனர். சிக்கும் ஏ மைனருக்கும் நடுவே பேஸ் பி ஸ்வரத்தில் ஒரு படி இறங்கிப் போகும். இணையத்தில் கிடைக்கும் கார்ட் தாள்களில் பெரும்பாலும் இது இருக்காது. சியைப் பிடித்தபடியே மோதிரவிரலை எடுத்து, நடுவிரலால் ஐந்தாம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டைத் தொட்டால் போதும். அந்தப் படி இல்லாமல் வாசித்தால் பாட்டு மாடியிலிருந்து குதிக்கும்; இருந்தால் இறங்கிவரும்.

‘ரன் த்ரூ தி ஜங்கிள்’ ஒரே கார்ட். டி மைனர், தொடக்கம் முதல் முடிவு வரை. இதை எப்படி மூன்று நிமிடம் இழுத்தார்கள்? ஆரம்பத்திலும் முடிவிலும் கேட்கும் காட்டுச் சத்தம் கிட்டாரையும் பியானோவையும் பின்னோக்கி ஓட்டிப் பதிவுசெய்தது, நடுவே ஹார்மோனிக்கா, ஒவ்வொரு சரணத்துக்கும் குரல் ஒரு படி கூடுதலாக முறுகும். மெட்டு நகரவில்லை என்றால் ஒலி நகர வேண்டும், அதற்கான பாடம் இது. வியட்நாம் பாட்டு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் பெருகிக் கிடக்கும் துப்பாக்கிகளைப் பற்றியது என்பது ஃபோகர்ட்டியின் விளக்கம். இதே பாட்டை வைத்துத்தான், பின்னாளில் அவர் தனியாக வெளியிட்ட ஒரு பாட்டு இதன் நகல் என்று, உரிமை வைத்திருந்த ஃபேன்டசி வழக்குப் போட்டது. தன்னைத் தானே திருடியதாக ஒரு பாட்டெழுத்தாளர் மேல் வழக்கு! சாட்சிக் கூண்டுக்குக் கிட்டாரோடு போய் வாசித்துக்காட்டினார். 1988இல் ஜூரி அவர் பக்கம் நின்றது. வழக்குச் செலவு யாருடையது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய் 1994இல் சட்டப் பாடநூலுக்குள் நுழைந்துவிட்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘லுக்கிங் அவுட் மை பேக் டோர்’ போதைப் பாட்டு அல்ல, மூன்று வயது மகனுக்காக எழுதியது. முடிவுக்கு அருகே சுருதியும் வேகமும் மாறும் இடத்தில் சேர்ந்து வாசிப்பவர்கள் சிதறிப்போவார்கள், ட்ரம்ஸைப் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும். ‘லாங் ஆஸ் ஐ கேன் சீ தி லைட்’ மெதுவான சோல் பாட்டு, அதில் சாக்ஸஃபோனும் ஃபோகர்ட்டியே. ‘ட்ராவலிங் பேண்ட்’ லிட்டில் ரிச்சர்டின் பழைய ராக் அண்ட் ரோலுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வணக்கம் வைக்கிறது. ‘கமோஷன்’, ‘ஹே டுநைட்’, ‘ஸ்வீட் ஹிட்ச் ஹைக்கர்’ மூன்றும் ஓட்டம் மட்டும். தலைப்புக்குப் பின்னால் பொருள் இல்லாதபோது இவருடைய முறை எப்படி வெறும் சத்தமாகிவிடுகிறது என்பதற்கு உதாரணமாகக் கேட்கலாம். பில்போர்டின் சிங்கிள் பட்டியலான ஹாட் 100இல் இந்தக் குழுவின் ஐந்து சிங்கிள்கள் இரண்டாம் இடம் வரை போயின, ஒன்றுகூட முதலிடம் தொடவில்லை. ஐந்தும் இந்தத் தட்டில் இருக்கின்றன.

இனி குறைகள். பெரிய ஓட்டை ‘பார்ன் ஆன் தி பாயூ’. ‘ப்ரவுட் மேரி’ தட்டின் பின்பக்கம் அதுதான், அதைச் சேர்க்கவில்லை. இந்தக் குழுவின் ஒலியை, அந்த இ7 கார்ட், ட்ரெமலோ நடுக்கம், மெதுவாக ஊறிவரும் தாளம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கற்க வேண்டுமென்றால் அந்தப் பாட்டு வேண்டும். 1986இல் வந்த இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. ஒரு பாட்டுக்காக அதை வாங்குவதைவிட, அது இடம்பெற்ற ‘பாயூ கன்ட்ரி’ ஆல்பத்தை வாங்குவது மேல். சிங்கிளாக வராததால் ‘ரோட் எ சாங் ஃபார் எவ்ரிஒன்’, ‘எஃபிஜி’, ‘ராம்பிள் டாம்பிள்’ ஆகியவையும் இல்லை. இதனால் ஃபோகர்ட்டிக்கு நீளமாக எழுதத் தெரியாது என்ற தவறான எண்ணம் வரக்கூடும். ஏழு நிமிட ‘ராம்பிள் டாம்பிள்’ நடுவே வேகத்தை அப்படியே மாற்றிப்போட்டு மறுபடி பழைய நடைக்கு வருவதைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அடுத்தது வெட்டுகள். ‘சூஸி க்யூ’ ஆல்பத்தில் எட்டரை நிமிடத்துக்கு மேல். இங்கே சிங்கிளின் முதல் பகுதி மட்டும், பாதி. ‘க்ரேப்வைன்’ முழு வடிவம் பதினோரு நிமிடம். வாங்குமுன் உறையில் அதன் நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: நான்கு நிமிடத்தை ஒட்டி இருந்தால் வெட்டிய சிங்கிள், பதினொன்று என்றால் முழுசு. பாட்டு எழுதுகிறவர்களுக்கு வெட்டியதே போதும். கிட்டார் கலைஞர்களுக்கு முழுசு தேவை, ஏனென்றால் ஒரே சுற்றின் மேல் சொற்றொடர் சொற்றொடராகக் கட்டிப்போகும் நீண்ட வாசிப்பு அதில்தான் இருக்கிறது.

கேட்கும் கருவி பற்றி ஒரு வார்த்தை. இவை ஏஎம் வானொலியின் சின்ன ஒலிபெருக்கிக்காகச் செய்யப்பட்ட பாட்டுகள். பேஸைக் கூட்டி வைத்த பெரிய ஸ்பீக்கரில் ஸ்டூ குக்கின் பேஸ் வீங்கி, கிட்டார் ரிஃப்பை மூடிவிடும். ஈக்வலைசரைச் சமமாக வைத்துவிட்டு, ஒருமுறை போன் ஸ்பீக்கரிலேயே கேட்டுப் பார்க்கலாம். ரிஃப், குரல், ஸ்னேர் மூன்றும் அப்போதும் தெளிவாக நிற்கும்.

பாட்டு எழுதப் பழகுபவர்களுக்கு ஒரு பயிற்சி: 3 முதல் 15 வரையிலான பாட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் குரல் எந்த விநாடியில் நுழைகிறது, தலைப்புச் சொல் முதலில் எப்போது வருகிறது, மொத்தம் எத்தனை கார்ட் என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சொந்தப் பாட்டொன்றுக்கும் அதே கணக்கை எடுத்து எதிரே எழுதுங்கள். எதை வெட்ட வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

கடைசிப் பாட்டு ‘சம்டே நெவர் கம்ஸ்’. 1972இல் 25ஆம் இடத்தோடு நின்றுபோன சிங்கிள். அப்பா போகும்போது சொன்னதை, மகன் வளர்ந்து தன் மகனிடம் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறான். மெதுவான சரணத்திலிருந்து பல்லவிக்குத் தாளம் தடாலென்று மாறுகிற தையல் கொஞ்சம் வெளியே தெரிகிறது. குழுவுக்குள் யாரும் யாரோடும் பேசாத காலத்தில் பதிவான ‘மார்டி க்ரா’ ஆல்பத்தின் பாட்டு. தாண்டிப் போய்விடாமல் கேளுங்கள். ஆறும் படகும் சதுப்பும் இல்லாமல், தன் வீட்டுக் கதையை ஃபோகர்ட்டி எழுதியது இந்தத் தட்டில் இங்கே மட்டும்தான்.